சம்பளக் கமிஷன்: கணக்கும் கவலையும்



நம் பேரவை மலரில் கவிதை வரும், நகைச்சுவைத் துணுக்கு வரும், கம்ப்யூட்டர் பற்றிக் கட்டுரை வரும். இந்த மலரில் சம்பளத்தைப் பற்றி ஒரு பாடம் எழுதலாம் என்று நினைத்தேன். மூன்று வருடம் முடித்து டிப்ளமோ சர்டிபிகேட்டைக் கையில் வாங்கியவுடன் நாம் என்ன செய்யப் போகிறோம்? ரயில்வே, மின்வாரியம், பொதுப்பணித்துறை, டி.என்.பி.எஸ்.சி. என்று விண்ணப்பம் போடப் போகிறோம். எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "சம்பளம் எவ்வளவுடா?" என்பதுதான். அந்தத் தொகையை யார் போட்டது, எந்தக் கணக்கில் போட்டது, அதற்காக யார் போராடினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எட்டாவது மத்திய சம்பளக் கமிஷன் 2025 நவம்பரில் முறையாக அமைக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அதன் தலைவர். அறிக்கை கொடுக்க 18 மாத அவகாசம். இந்தச் சமயத்தில் தொழிற்சங்கங்கள் எதற்காகக் கவலைப்படுகின்றன என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. கணக்குக்குப் பயப்பட வேண்டாம். நாம் முதல் செமஸ்டரில் படித்த கணக்கைவிட இது ரொம்பச் சுலபம்.

கமிஷன் வந்த கதை

முதல் கமிஷன் 1946இல், வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே அமைக்கப்பட்டது. 1947இல் அறிக்கை வந்தது. கடைசி நிலை ஊழியருக்கு அடிப்படை 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக மொத்தம் 55 ரூபாய். இரண்டாவது கமிஷன் 1959இல் 80 ரூபாய் என்றது. சங்கங்களுக்கு அது போதவில்லை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் அரசும் ஊழியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற எண்ணம் பிறந்து, 1966இல் கூட்டு ஆலோசனைக் குழு முறை வந்தது. இன்றைக்கும் கமிஷனிடம் ஊழியர் தரப்பில் மனுக் கொடுப்பது அந்தக் குழுவின் ஊழியர் அணிதான்.

மூன்றாவது கமிஷன் 1973இல் 185 ரூபாய் சிபாரிசு செய்தது. அரசு 196 ஆக்கியது. அதிலும் குறை தீராமல், 1974 மே மாதம் ரயில்வே ஊழியர்கள் இருபது நாள் ரயிலை நிறுத்தினார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பழைய ரயில்வேக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். நான்காவது கமிஷன் 1986இல் 750 ரூபாய். ஐந்தாவது கமிஷன் 1997இல் 2,440 ரூபாய் சொன்னது. சங்கங்கள் போராட்டம் அறிவித்துப் பேசியதில் அது 2,550 ஆனது. அந்த ஐந்தாவது கமிஷனின் தலைவர் யார் தெரியுமா? நம் நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூரில் பிறந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன்! ஆறாவது கமிஷனுக்குப் பிறகு 2008இல் 7,000, ஏழாவது கமிஷன் 2015இல் 18,000.

55இல் இருந்து 18,000 வரை. பார்க்க மலை மாதிரி உயர்வு. ஆனால் இது நிஜமாகவே உயர்வா, இல்லை விலைவாசி ஏறியதைச் சரிக்கட்டியதா? அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

18,000 எப்படி வந்தது?

இந்தத் தொகை யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது கிடையாது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு அளவுகோலை ஏற்றுக்கொண்டது. சத்துணவு நிபுணர் டாக்டர் அய்க்ராய்டு வகுத்த அளவுதான் அதற்கு அடிப்படை. ஒரு தொழிலாளி குடும்பத்தை 3 யூனிட் என்று வைத்தார்கள். கணவன் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலைக்கு 0.6. கூட்டிப் பாருங்கள், 3 வரும். ஒரு யூனிட்டுக்கு நாளைக்கு 2,700 கலோரி சாப்பாடு. குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி. பிறகு வீட்டு வாடகை. அடுப்பு, விளக்கு, மற்றதுக்கு 20 சதம். 1991இல் ரெப்டகாஸ் பிரெட் என்ற கம்பெனியின் சென்னைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்கு இன்னும் 25 சதம் சேர்க்க வேண்டும் என்றது.

ஏழாவது கமிஷன் எடுத்த அளவுகளில் சில: ஒரு யூனிட்டுக்கு நாளைக்கு அரிசி அல்லது கோதுமை 475 கிராம், பருப்பு 80 கிராம், பால் 200 மில்லி. மூன்று யூனிட், முப்பது நாள் என்றால் மாதத்துக்கு 42.75 கிலோ அரிசி, 7.2 கிலோ பருப்பு, 18 லிட்டர் பால். இதோடு காய்கறி, எண்ணெய், பழம், முட்டை, கறி எல்லாம் உண்டு. இப்படி ஒவ்வொன்றாக விலை போட்டுக் கூட்டித்தான் 18,000 வந்தது.

சங்கங்கள் இதே அளவுகோலை வைத்து 26,000 ரூபாய் கேட்டன. ஒரே சூத்திரத்தில் இரண்டு விடை எப்படி வரும்? நாம் லேபில் பார்ப்பது மாதிரிதான். சூத்திரம் ஒன்றாக இருந்தாலும் ரீடிங் வேறாக இருந்தால் விடை மாறும். நாம் கடையில் கொடுக்கிற சில்லறை விலையைப் போடு என்கிறது சங்கம். வீட்டு வாடகைக்குக் கமிஷன் போட்டது 3 சதம்தான். 3 சதத்தில் சங்கரன்கோவிலில் கூட ஒரு அறை கிடைக்காது. சென்னையில் வாசற்படி கூடக் கிடைக்காது. 2016 ஜூலை 11 முதல் வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்தன. மத்திய அமைச்சர்கள் அழைத்துப் பேசியதால் தள்ளி வைத்தார்கள். ஆனால் 18,000 அப்படியே நின்றது.

இன்னொரு குறை எனக்கே தோன்றியது. அந்த 3 யூனிட்டில் தாத்தாவும் ஆச்சியும் எங்கே? நம் பக்கத்து வீடுகளில் ஒரு சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள். கணக்கில் பெரியவர்களுக்கு யூனிட் பூஜ்யம். அம்மாவுக்கு மட்டும் ஏன் 0.8? விடியற்காலையில் தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பித்து ராத்திரி பத்து மணி வரை நிற்கிறவருக்கு அப்பாவைவிடக் குறைவாகப் பசிக்குமா? பெற்றோரையும் குடும்பக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இப்போது சங்கங்களின் கோரிக்கைகளில் ஒன்று.

"ரெண்டரை மடங்கு ஏத்திட்டானாம்!"

2016இல் டீக்கடையில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்று எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் சொல்வார். பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 ஆல் பெருக்கியதால் வந்த பேச்சு அது. இப்போது நாம் கணக்குப் போடுவோம்.

பழைய அடிப்படை 7,000. அதோடு அப்போது கிடைத்துக்கொண்டிருந்த அகவிலைப்படி 125 சதம், அதாவது 8,750. ஆக, அந்த ஊழியர் ஏற்கெனவே வாங்கியது 15,750. புதிய அடிப்படை 18,000. அப்போது அகவிலைப்படி பூஜ்யத்தில் இருந்து மறுபடி ஆரம்பிக்கும். நிஜ உயர்வு 2,250 ரூபாய். சதவீதம் பார்த்தால் 14.29. பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற உயர்வு இவ்வளவுதான்!

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். மத்திய அரசுக்கு இணையான சம்பளம் என்பது இங்கே 1988 ஜூன் 1 முதல் வந்தது. 2017 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்த மாற்றத்தில் குறைந்த சம்பளம் 6,100இல் இருந்து 15,700 ஆனது. 6,100ஐ 2.57 ஆல் பெருக்குங்கள்: 15,677. முழுமையாக்கி 15,700.

நம் டிப்ளமோவுக்கு வருவோம். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியருக்கு ஆறாவது கமிஷனில் தொடக்கம் 9,300, கிரேடு பே 4,200, மொத்தம் 13,500. ஏழாவது கமிஷன் அதை 2.62 ஆல் பெருக்கி 35,400 ஆக்கியது. செயலாளர் நிலையில் இருந்த 80,000ஐ 2.81 ஆல் பெருக்கி 2,25,000 ஆக்கியது. கவனித்தீர்களா? கீழே 2.57, நடுவில் 2.62, உச்சியில் 2.81. மேலே போகப் போகப் பொறுப்பு கூடுகிறது, அதனால் பெருக்குத்தொகையும் கூட வேண்டும் என்றது கமிஷன். எல்லோருக்கும் விலைவாசி ஒன்றுதானே, கீழே இருப்பவனுக்கு ஏன் குறைவு என்றன சங்கங்கள்.

சங்கங்களின் ஐந்து கவலைகள்

ஒன்று, தேதி. சம்பளம் மாறினால் எந்தத் தேதியில் இருந்து பணம் கையில் கிடைக்கும்? 2017இல் தமிழ்நாட்டில் கணக்களவில் 2016 ஜனவரி 1 முதல் என்றார்கள், பணப்பயன் 2017 அக்டோபர் 1 முதல்தான். நடுவில் 21 மாத நிலுவை போயே போச்சு. எட்டாவது கமிஷனுக்குக் கொடுத்த வரையறையில் அமலாகும் தேதி எழுதப்படவில்லை. அதனால்தான் சங்கங்கள் 2026 ஜனவரி 1 என்று எழுத்தில் கேட்கின்றன.

இரண்டு, அகவிலைப்படி. விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் வருடத்துக்கு இரண்டு தடவை இது ஏற வேண்டும். கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் மூன்று தவணைகளை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையில் 17 சதத்தை 28 ஆக்கினார்கள். இடையில் போன 18 மாதத்துக்கு நிலுவை இல்லை. தமிழ்நாட்டு ஊழியருக்கு 2022 ஜனவரியில்தான் உயர்ந்தது.

மூன்று, முரண்பாடு. இதற்கு இடைநிலை ஆசிரியர் கதையே போதும். 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை 8,370. மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம். ஒரு நாள் வித்தியாசத்தில் மாதம் 3,170 ரூபாய் அடிப்படையிலேயே குறைந்தது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர்கள் சென்னையில் பலமுறை உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான்.

நான்கு, ஓய்வூதியம். பழைய திட்டத்தில் ஊழியர் பணம் கட்ட வேண்டியதில்லை; கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவருக்கு அது கிடையாது. மாதம் 10 சதம் பிடித்தார்கள், அரசும் 10 சதம் போடும் என்றார்கள். கடைசியில் மாதாமாதம் எவ்வளவு வரும் என்ற உறுதி இல்லை. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் புதிய திட்டம். இதை எதிர்த்துத்தான் ஜாக்டோ-ஜியோ 2017 செப்டம்பரிலும் 2019 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் செய்தது. மத்திய அரசு 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. தமிழக அரசு 2026 ஜனவரியில், ஊழியர் 10 சதம் கட்ட, கடைசிச் சம்பளத்தில் 50 சதம் உறுதி என்ற திட்டத்தை அறிவித்தது. சில சங்கங்கள் வரவேற்றன. சில சங்கங்கள் "பழைய திட்டம்தான் வேண்டும்" என்றன.

ஐந்தாவது கவலைதான் நம்மைத் தொடுகிற கவலை. அது ஆள் குறைப்பு. ஐந்தாவது கமிஷன் சம்பளத்தை உயர்த்தியதோடு, பத்து வருடத்தில் ஊழியர் எண்ணிக்கையில் 30 சதம் குறைக்க வேண்டும், காலியாகக் கிடந்த மூன்றரை லட்சம் இடங்களை ரத்து செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இருக்கிறவனுக்குச் சம்பளம் கூடும், வரப்போகிறவனுக்கு இடமே இருக்காது! தமிழ்நாட்டிலும் 2001 கடைசியில் புதிய ஆள் எடுப்புக்குத் தடை போட்டு 2006இல்தான் நீக்கினார்கள். அந்த ஐந்து வருடம் படிப்பு முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும் வேலைவாய்ப்பு அலுவலகக் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே வயதைக் கடத்தினார்கள். இன்னொரு வழி தொகுப்பூதியம். 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்களுக்குக் கமிஷனும் இல்லை, அகவிலைப்படியும் இல்லை.

2003 ஜூலை

நாம் பிறப்பதற்கு முன்பு நடந்ததை ஒரு பத்தியாவது சொல்லாவிட்டால் இந்தப் பாடம் முடியாது. சரண் விடுப்பு, ஓய்வூதியம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 2003 ஜூலை 2 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு டெஸ்மா சட்டத்தைத் திருத்தி, ஒரே உத்தரவில் சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை வேலையை விட்டு நீக்கியது. வழக்கு டெல்லி வரை போனது. பெரும்பாலோர் திரும்ப வேலைக்கு வந்தார்கள். ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் வேலைநிறுத்தங்கள் நடந்துதான் இருக்கின்றன. ஆனால் சட்டத்தின் கத்தி எப்போதும் தலைக்கு மேலே தொங்குகிறது.

அதில் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீக்கப்பட்டவர்களின் நாற்காலியில் உட்கார, தற்காலிகச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தபோது, விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றவர்கள் யார்? நம்மை மாதிரிப் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பிள்ளைகள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒருவன் வீட்டு அடுப்பு அணைந்தால்தான் இன்னொருவன் வீட்டு அடுப்பு எரியும் என்ற நிலைமையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்து நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது பாடமாகாது. 2017 மாற்றத்தால் தமிழக அரசுக்கு வருடத்துக்கு 14,719 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்று அறிவித்தார்கள். பயன் பெற்றவர்கள் சுமார் 12 லட்சம் ஊழியர், ஆசிரியர். 7 லட்சம் ஓய்வூதியர். எட்டு கோடிப் பேர் வாழ்கிற மாநிலத்தில் இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டிலேயே இருக்கிறார்.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. நெய்த அளவுக்குத்தான் கூலி. நூல் அறுந்தால், கரண்ட் போனால், பாவு தீர்ந்து அடுத்த பாவு வராவிட்டால் கூலி இல்லை. எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்தபோது அப்பா கேட்டார்: "அவுகளுக்கு ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம். இன்னும் எதுக்குலே கொடி பிடிக்காக?"

"உங்களுக்கும் கூலி ஒப்பந்தம் முடிஞ்சா தறியை நிறுத்திட்டுச் சங்கத்துல போய் நிக்கீங்கல்லாப்பா? அதே மாதிரிதான்" என்றேன்.

"நாங்க நிக்கது அடுத்த வேளை கஞ்சிக்குலே" என்றார்.

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அந்த 42.75 கிலோ அரிசிக் கணக்கை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பால் 18 லிட்டர் என்றதும் சிரித்தார். "இது யாரு வீட்டுக் கணக்குடா?" என்றார். நான் சொன்னேன், "ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு இவ்வளவாவது வேணும்னு 1957லயே ஒத்துக்கிட்ட கணக்குப்பா." அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப எங்களுக்கு ஏன் யாரும் போடல?" என்று மட்டும் கேட்டார்.

நண்பர்களே, இதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்த 1957 அளவுகோல் அரசு ஊழியருக்கு என்று எழுதப்பட்டது அல்ல, எல்லாத் தொழிலாளிக்கும் எழுதப்பட்டது. அரசாங்கம் தன் சொந்த ஊழியருக்கே அதைக் குறைத்துப் போட்டால், தனியார் முதலாளி ஏன் கூட்டிக் கொடுக்கப் போகிறார்? கீழ்ப்படி இறங்கினால் அதற்கும் கீழே நிற்பவன் கிணற்றில்தான் விழுவான். ஆகவே அரசு ஊழியரின் குறைந்த சம்பளம் உயர்வது என் அப்பாவுக்கு எதிரான விஷயம் கிடையாது. ஆனால் சங்கத்துப் பெரியவர்களிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் கோரிக்கைப் பட்டியலில் தொகுப்பூதியக்காரரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும் கடைசி வரியில் வருகிறார்கள். அவர்களை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். காலி இடங்களை நிரப்பு என்ற கோரிக்கையை எங்களுக்காகவும் சத்தமாகச் சொல்லுங்கள். அப்போது டீக்கடையில் உங்களுக்காகப் பேச நாங்கள் இருப்போம்.

வீட்டுப்பாடம்

பாடம் என்றால் பயிற்சி வேண்டாமா? மூன்று கணக்கு தருகிறேன்.

1. 42.75 கிலோ அரிசி, 7.2 கிலோ துவரம்பருப்பு, 18 லிட்டர் பால். நம் ஊர்க் கடைவீதியில் இன்றைய விலையைக் கேட்டு எழுதிக் கூட்டுங்கள். இதற்கு உங்கள் வீட்டு வருமானத்தில் எத்தனை சதம் போகிறது?

2. உங்கள் வீட்டில் எத்தனை யூனிட்? தாத்தா, ஆச்சியையும் சேர்த்து எழுதுங்கள். அம்மாவுக்கு 1 போடுங்கள்.

3. எட்டாவது கமிஷன் அறிக்கை வரும்போது பேப்பரில் ஒரு பெருக்குத்தொகை பெரிய எழுத்தில் வரும். அன்றைய தேதியில் அகவிலைப்படி எத்தனை சதமோ, அதோடு 100ஐக் கூட்டி 100 ஆல் வகுங்கள். வந்த விடையால் அந்தப் பெருக்குத்தொகையை வகுங்கள். கிடைப்பதில் இருந்து 1ஐக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிஜ உயர்வு. ஏழாவது கமிஷனுக்கு இது 2.57 வகுத்தல் 2.25. போட்டுப் பாருங்கள், நான் சொன்ன 14 சதம் வரும்.

இந்த மூன்றாவது கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால், நாளைக்கு யார் வந்து "அள்ளிக் கொடுத்துட்டான்" என்று சொன்னாலும், "ஒண்ணுமே குடுக்கல" என்று சொன்னாலும், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். படித்தவன் என்று வீட்டில் நம்மைத்தான் நம்பிக் கேட்கிறார்கள். சரியான விடையைச் சொல்வோம், நண்பர்களே!